கல் உடுத்த வீடுகள்

கொடைக்கானலில் இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சற்று நின்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். முதலில் இரும்புக் கம்பியும் சிமெண்டுமாக வீட்டுக்கு ஓர் எலும்புக்கூட்டை நிறுத்துகிறார்கள். எலும்புகளுக்கு நடுவே செங்கல்லை வைத்துச் சதை அடைக்கிறார்கள். பூச்சுப் பூசித் தோல் போர்த்துகிறார்கள். இவ்வளவும் ஆன பிறகு ஓர் அங்குலக் கனத்துக்குப் பாளம் பாளமாக அறுத்த கல்லைக் கொண்டு வந்து, பசை தடவி ஒட்டி, அந்த உடம்புக்கு ஒரு கல் சட்டையை மாட்டி விடுகிறார்கள். வழியே போகிறவர் ஒருவர் நின்று, "அடடா, அந்தக் காலத்துத் துரை பங்களா மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று சொல்லிவிட்டால் வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி. இந்த வேலைக்கு எஞ்சினியர்கள் வைத்த பெயர் 'கிளாடிங்'. கடைக்காரர்கள் அந்தக் கல்லை 'எலிவேஷன் கல்' என்று சொல்லி விற்கிறார்கள்.

பழனி மலைத் தொடரோ அடி முதல் முடி வரை கல். தூண் பாறை என்று பெயர் பெற்ற மூன்று பாறைகள் 400 அடி உயரத்துக்கு மேகத்தைக் கிழித்துக் கொண்டு நிற்கின்றன. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் பாறைதான், கிணறு தோண்டினாலும் பாறைதான். ஆயினும் இந்தச் சட்டைக்கான கல்லில் ஒரு பகுதி கடப்பாவிலிருந்தும் ராஜஸ்தானத்திலிருந்தும் லாரி ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கிக் கொண்டு மேலே வருகிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று பெரியவர்கள் சொன்னார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் ஏளனம் செய்வதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை. கல்லையே உடம்பாக வைத்து வீடு கட்டிய ஒரு மலையில், அந்தக் கல் எப்படி வெறும் உடையாக மாறியது என்பது ஒரு சரித்திரம். அதைத் தெரிந்து கொள்ளாமல் சட்டை மாட்டுகிறவர்கள் தலையில் சமயத்தில் அந்தச் சட்டையே விழுந்து விடுகிறது. ஆகவே சரித்திரம் கொஞ்சம் உபயோகப்படும்.

பழனி மலையின் மேல்தளத்தில் பெரும்பகுதி ஒரே ஜாதிக் கல். நிலநூல் வல்லுநர்கள் அதற்கு இட்ட பெயர் 'சார்னக்கைட்'. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கல்கத்தா நகருக்கு வித்திட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் 1693-ஆம் வருஷத்து ஜனவரியில் காலமானார். அவருடைய சமாதிக்கு வைத்த கல் நம் சென்னைப் பக்கத்துக் கல். பல்லாவரம் பரங்கிமலைப் பிராந்தியத்திலிருந்து கப்பல் ஏறிப் போனது. இருநூறு வருஷம் கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலந்து என்ற நிலநூல் அறிஞர் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்து, இது தனியாகப் பெயர் வைக்கத் தக்க கல் என்று தீர்மானித்து, சார்னக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். தமிழ்நாட்டுக் கல்லுக்கு வங்காளத்தில் புதைந்த ஆங்கிலேயன் பெயர்! எழுத்தாளன் கற்பனை செய்திருந்தால், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று வாசகர்கள் கேட்டிருப்பார்கள்.

இந்தக் கல் புதிதாக உடைக்கும்போது கருநீலமாக எண்ணெய் தடவினாற் போல் மினுமினுக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்தால் மேலே பழுப்பேறிவிடும். ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ கனம். உளி சீக்கிரத்தில் உள்ளே இறங்காது. ஆனால் அடிக்க வேண்டிய இடத்தில் அடித்தால் பாளமாகப் பிரிந்து கொடுக்கும். பாறை மேல் விறகை அடுக்கி நெருப்பு மூட்டி, சூட்டினால் மேல்தகடு விட்டுப் போகும்படி செய்து பெயர்த்தெடுக்கும் முறையும் தென்னாட்டில் நேற்று வரைக்கும் இருந்தது.

இப்படிப் பிரிந்த பாளங்களைக் கொண்டு பழனி மலையில் முதன்முதலாகக் கட்டியவர்கள் யாருக்காகக் கட்டினார்கள் தெரியுமா? செத்தவர்களுக்காக! தாண்டிக்குடி, பெத்துப்பாறை, மச்சூர், பெருமாள்மலை என்று பல இடங்களில் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. மூன்று பக்கம் மூன்று பாளத்தை நட்டு, தலைக்கு மேல் ஒரு பெரிய பாளத்தை மூடியாக ஏற்றி வைத்தால் கல்திட்டை ஆயிற்று. சுண்ணாம்பு இல்லை, சேறுகூட இல்லை. கனமே அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. ஊர் ஜனங்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். செண்பகனூரில் இருந்த ஏசு சபைப் பாதிரியார்களான ஆங்கிலாடும் நியூட்டனும் காடு மேடெல்லாம் நடந்து இவற்றை அளந்து வரைந்தார்கள். அவர்கள் எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகா 1928-ல் வெளியிட்டது. பிற்காலத்தில் பேராசிரியர் கா. ராஜனும் தாண்டிக்குடியில் அகழ்ந்து பார்த்தார். உயிரோடு இருந்தவர்களுக்கு வீடு மண்ணாலும் புல்லாலும் மூங்கிலாலும் இருந்திருக்க வேண்டும். அவை போன இடம் தெரியவில்லை. பளியர்களோ, பாறை தானாகக் கவிழ்ந்து கூரையாக நிற்கும் புடவுகளிலேயே மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கி வாழ்ந்தார்கள். சங்கப் பாட்டில் கோடைமலைத் தலைவனாக வரும் கடியநெடுவேட்டுவன் எந்தச் சுவருக்குள் குளிர் காய்ந்தான் என்று புலவர் சொல்லாமல் போய்விட்டார். பரிசில் பெறப் போனவருக்குச் சுவரைப் பற்றி என்ன கவலை!

உயிரோடு இருப்பவர்களுக்குக் கல்லால் வீடு என்ற பழக்கம் கொடைக்கானலில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதையும் கொண்டு வந்தது ஆடம்பரம் அல்ல, சாவுதான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன் ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்து இறங்கியது. மதுரை வெயிலும் காலராவும் அந்தக் குடும்பங்களைச் சூறையாடின. குழந்தைகளும் தாய்மார்களும் வரிசையாகப் போனார்கள். முதலில் பக்கத்திலுள்ள சிறுமலையில் போய் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கே மலைக்காய்ச்சல் காத்துக் கொண்டிருந்தது. பிறகுதான், 1821-ல் லெப்டினெண்ட் வார்டு என்ற சர்வே அதிகாரி ஏறிப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருந்த உயரமான மலை அவர்கள் நினைவுக்கு வந்தது. 1845-ல் அங்கே இரண்டு பங்களாக்கள் எழுந்தன. ஒன்றின் பெயர் சன்னிசைடு, மற்றொன்றின் பெயர் ஷெல்டன். ஊர் என்று நாம் இன்று சொல்கிற கொடைக்கானலுக்கு அந்த இரண்டு வீடுகள்தான் பிள்ளையார் சுழி.

அதன் பிறகு கலெக்டர்களும் வந்தார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த ஸர் வியர் லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மலையிலேயே வந்து தங்கி, 1885-ல் காலமானார். ஜனங்கள் வந்தார்களே தவிர, சாமான்கள் சுலபமாக வரவில்லை. 1875-ல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, ராத்திரி முழுவதும் மாட்டு வண்டியில் குலுங்கி, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் குதிரை மேலோ, நாலு பேர் தூக்கும் நாற்காலியிலோதான் மேலே ஏற வேண்டும். மோட்டார் போகும் மலைச்சாலை பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது 1916-ல்.

வீடு கட்டுகிறவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். துரைசானியைச் சுமந்து கொண்டு ஏறுகிற கூலியே தள்ளாடும் பாதையில், செங்கல்லை யார் சுமப்பது? ஒரு மூட்டைச் சுண்ணாம்பு மேலே வந்து சேர்வதற்குள் அதன் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். மேலேயே சூளை போடலாமென்றால், அதற்கு விறகாகச் சோலைக் காட்டை வெட்ட வேண்டும். காலடியில் கிடந்ததோ கல்! கல்லின் மீது காதல் கொண்டு யாரும் கல் வீடு கட்டவில்லை. வேறு வழி இல்லாமல் கட்டினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அதுவே அழகாகத் தோன்றிவிட்டது. செண்பகனூர்த் திருஇருதயக் கல்லூரிக் கட்டடத்தையும், ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் மார்கரெட் எடி பெயரால் விளங்கும் சிறிய தேவாலயத்தையும் பார்க்கிறவர்கள் அந்த அழகை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

இந்தச் சுவர்களை எப்படிக் கட்டினார்கள்? ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை கனம். வெளிப்புறம் ஒரு வரிசைக் கல், உட்புறம் ஒரு வரிசைக் கல், நடுவில் உள்ள சந்தில் சில்லுக் கல்லும் சேறும். சுண்ணாம்புக்குப் பஞ்சமானபடியால் சுவரின் உள்ளுக்குள் மலைச் செம்மண்ணைக் குழைத்த சேற்றையே கலவையாக வைத்து, வெளி முகத்து இடுக்குகளுக்கு மட்டும் சுண்ணாம்புக் காரை பூசுவது சாதாரணம். இரண்டு வரிசையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து போகாமலிருக்க, ஐந்தடிக்கு ஒன்றாக, சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவுகிற ஒரு நீளக் கல்லைக் குறுக்கே வைப்பார்கள். கணவன் மனைவிக்கு நடுவில் குழந்தை மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

செண்பகனூருக்குச் சற்றுக் கீழே, மழையில் சரிந்துபோன தோட்டச் சுவரை எடுத்துக் கட்டிக் கொண்டிருந்த ஒரு பெரியவருடன் ஒரு சமயம் பேசிக் கொண்டிருந்தேன். ஐம்பது வருஷமாகக் கல்லைத் தவிர வேறு எதையும் தொடாத கை. கொத்தனார் கரண்டியைவிடச் சுத்தியல்தான் அதிகம் பேசியது. ஒவ்வொரு கல்லையும் எடுத்து இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு மூலையில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு அது அந்த இடத்துக்கென்றே பிறந்தது போல் போய் உட்கார்ந்து கொள்ளும்.

"ஏன் பெரியவரே, நல்ல முகமுள்ள கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கோணல் கல்லை எடுக்கிறீர்களே?" என்று கேட்டேன்.

"கல்லுக்கு மூஞ்சியும் உண்டு, வாலும் உண்டு அய்யா. நீங்க மூஞ்சியப் பாக்குறீங்க, நான் வாலப் பாக்குறேன். வாலு நீளமா உள்ள போனாத்தான் சொவரு நிக்கும். மூஞ்சிக்கு மயங்கி வாலில்லாத கல்லா வச்சுக்கிட்டே போனா, நாலு மழையில சொவரு வயித்தத் தள்ளிப்புடும்."

வெளியில் தெரிவது முகம், சுவரைப் பிடித்து நிற்பது வால். இனி நான் சொல்லப் போகும் சமாசாரம் எல்லாம் வாலில்லாத கல்லைப் பற்றியதுதான்.

வாலில்லாத கல் இந்த மலை வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த இடம் எது? வெளிச்சுவர் அல்ல, கணப்பு அடுப்பு! மார்கழி, தை மாதங்களில் ராத்திரி எட்டு டிகிரிக்கு வெப்பம் இறங்குகிற ஊரில், கணப்பு இல்லாத பங்களா கிடையாது. கூடத்தில் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று, வசதி உள்ளவர்கள் வீட்டில் படுக்கை அறைக்கும் ஒன்று. கூரைக்கு மேலே எட்டிப் பார்க்கும் புகைபோக்கிகளை எண்ணினால் வீட்டுக்காரரின் சம்பளத்தைச் சொல்லிவிடலாம்.

பார்வைக்குக் கணப்பு முழுவதும் கருங்கல்லாகத் தோன்றும். ஆனால் நெருப்பு எரிகிற குழியைக் குனிந்து பார்த்தால், நன்றாகக் கட்டிய கணப்பானால், அங்கே செங்கல் இருக்கும். காரணம் கல்லின் சுபாவத்தில் இருக்கிறது. இந்தக் கருங்கற்களில் எல்லாம் படிகமணி என்கிற குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. அது 573 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் திடீரென்று தன் உள்ளமைப்பை மாற்றிக் கொண்டு உப்புகிறது. பக்கத்தில் இருக்கிற மற்ற தாதுக்கள் அப்படி உப்புவதில்லை. ஒரே வீட்டில் ஒருவர் மட்டும் திடீரென்று கையைக் காலை நீட்டினால் என்ன ஆகும்? கல் விரிசல் விடும். சில்லுச் சில்லாகத் தெறிக்கும். நன்றாக எரிகிற விறகுத் தீக்கு அந்தச் சூட்டை எட்டுவது ஒரு பெரிய காரியமல்ல. பாறை மேல் நெருப்பு மூட்டித் தகடு எடுத்தவர்கள் இதே குணத்தைத்தான் பயன்படுத்திக் கொண்டார்கள். குவாரியில் உபகாரம்; கூடத்தில் உபத்திரவம். ஆகவே தீயோடு பழகுவது, சூளையில் ஏற்கெனவே தீயைப் பார்த்துவிட்ட செங்கல்லின் வேலை. விருந்தாளிகளோடு பழகுவது கல்லின் வேலை என்று வேலையைப் பங்கு போட்டார்கள். உள்ளே செங்கல் உடம்பு, வெளியே கல் முகம்! இன்றைக்கு வெளிச்சுவரில் செய்வதை அன்றைக்கே கணப்பில் செய்திருக்கிறார்கள். யாரும் அதைப் போலி என்று சொன்னதில்லை.

கணப்பின் வடிவத்தை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவரும் ஓர் அமெரிக்கப் பிறவிதான். பெஞ்சமின் தாம்ஸன் என்று 1753-ல் மாசசூஸெட்ஸில் பிறந்தவர். அமெரிக்கப் புரட்சியில் அரசன் பக்கம் சேர்ந்து, ஒற்றன் என்று பெயர் வாங்கி, ஊரை விட்டு ஓடி, பவேரியாவில் ரம்ஃபோர்டு பிரபு ஆனவர். நாவலுக்கு ஏற்ற ஆசாமி! இவர் லண்டன் வீடுகளில் புகையால் கண்ணைக் கசக்கிக் கொண்டிருந்தவர்களைப் பார்த்து இரக்கப்பட்டு 1796-ல் கணப்பைப் பற்றி ஒரு பிரபந்தமே எழுதினார். அதுவரை கணப்பு என்றால் ஒரு பெரிய சதுரக் குகை; சூடெல்லாம் புகையோடு ஆகாசத்துக்குப் போய்விடும். குழியின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களை விரித்த புத்தகம் போல் சாய்த்து, புகை போகிற தொண்டையை நாலு அங்குலத்துக்குச் சுருக்கச் சொன்னார் ரம்ஃபோர்டு. வெப்பம் அறைக்குள் திரும்பியது, புகை ஒழுங்காக மேலே போயிற்று.

ஆனால் ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குதான். புகையை மேலே தள்ளுகிற வேகமும் அந்த அளவுக்குக் குறையும். லண்டன் கணக்கை அப்படியே காப்பியடித்துக் கட்டினால் புகை கூடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்து கொள்ளும். புகைபோக்கியை உயரமாகவும், உள்வழியைத் தாராளமாகவும் வைத்தால்தான் சரியாகும்.

இந்தக் கணப்புகளுக்கு இரை வேண்டாமா? முதலில் சோலை மரங்கள் போயின. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்கிற வாட்டில் மரமும் யூகலிப்டஸும் வந்து சேர்ந்து, புல்வெளியையெல்லாம் விழுங்கின. ஒரு கல் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து குளிர் காய்ந்ததற்கு மலை கொடுத்த விலை அது. 2013-ல் சுற்றியுள்ள காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்போது பல வீடுகளில் கல் முகத்துக்குப் பின்னால் மின்சாரக் கம்பிதான் சிவக்கிறது. செங்கல்லும் வேண்டியதில்லை, தொண்டையும் வேண்டியதில்லை. முகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உடம்பு வேறு, முகம் வேறு என்பது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்ததாகப் பெருமையோடு கல்வெட்டு வைத்தான். அது முழுக்க முழுக்க உடம்பு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளி ஆக்கினாள். ஆனால் நம் கற்றளிகளிலேயே பல சுவர்கள் வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவே சில்லும் காரையும் என்று இருப்பவைதான். மதுரையில் திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய மஹாலில், பளிங்கோ என்று மயங்க வைக்கும் வேலைப்பாட்டில் பெரும்பகுதி செங்கல் உடம்பும் சுதைத் தோலும்தான். தாஜ்மஹால் மட்டும் என்ன? செங்கல் கட்டடத்துக்குப் போர்த்திய வெள்ளைப் பளிங்குப் போர்வை! செங்கல் ரோமாபுரியைப் பளிங்கு ரோமாபுரியாக மாற்றியதாக அகஸ்டஸ் சக்கரவர்த்தி மார்தட்டிக் கொண்டார் அல்லவா? அங்கும் பல கட்டடங்களில் பளிங்கு மேலே ஒட்டிய தகடுதான்.

இவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தாஜ்மஹாலில் பளிங்குப் பாளங்களுக்கு நடுவே, உள்ளே நீண்டு செங்கல்லைப் பிடித்துக் கொள்ளும் கற்களையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். பெரியவர் சொன்னாரே, வால் என்று, அது அந்தச் சட்டைக்கும் இருந்தது. வைர முனை ரம்பம் வந்த பிறகு கல்லை அப்பளம் போல் அறுப்பது சுலபமாயிற்று. வால் அடியோடு போயிற்று. கல்லைத் தாங்குவது பசை ஒன்றேயாயிற்று.

இதற்கும் ஒரு படி மேலே அமெரிக்காவில் போனார்கள். பால்டிமோர் நகரத்தில் 1937-ல் ஆல்பர்ட் நைட் என்பவர் 'ஃபார்ம்ஸ்டோன்' என்று ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அது கல்லே அல்ல. வண்ணச் சிமெண்டைச் சுவரில் அப்பி, கல் மாதிரி கோடு கிழித்து விடுவது. தெருத் தெருவாகச் செங்கல் வீடுகள் அதைப் போட்டுக் கொண்டன. பிற்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிச் செங்கல் கெடுவதைக் கண்டு பல பேர் அதைப் பெயர்த்தெறிந்து, அப்பாடா என்று பழைய செங்கல்லையே காட்டிக் கொண்டார்கள். சிகாகோவில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. 1970-களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி எண்பதுக்கு மேற்பட்ட மாடிகளுடன் ஒரு கோபுரம் கட்டி, இத்தாலியக் கராரா பளிங்கை ஒன்றேகால் அங்குலத் தகடாக அறுத்து அதற்குப் போர்த்தியது. கட்டும்போதே ஒரு தகடு கழன்று பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் விழுந்தது. வெயிலும் பனியும் மாறி மாறி அடிக்க அடிக்கப் பளிங்குத் தகடுகள் வெற்றிலை போல் வளைந்தன. கடைசியில் 1990-க்கும் 1992-க்கும் இடையில் அத்தனை பளிங்கையும் கழற்றிவிட்டு வெள்ளைக் கருங்கல் போட்டார்கள். செலவு கோடிக் கணக்கான டாலர்.

கொடைக்கானலில் எண்பது மாடி இல்லைதான். ஆனால் வருஷத்துக்கு அறுபது அங்குலத்துக்கு மேல் மழை இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் அது காற்றோடு சேர்ந்து சுவரைப் பக்கவாட்டில் அறைகிறது. கணக்கைப் பாருங்கள். பழைய சுவரில் ஒரு சதுர அடி முகத்துக்குப் பின்னால் 110 கிலோவுக்கு மேல் கல் இருந்தது. அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து தரையில் இறங்கியது. இன்றைய ஓரங்குலத் தகடு சதுர அடிக்கு ஆறு கிலோ சொச்சம். அது எதன் மேலும் உட்காரவில்லை, சுவரைப் பிடித்துத் தொங்குகிறது. அமெரிக்கக் கட்டட விதிகளில் வெறும் பசையால் ஒட்டும் கல்லுக்குச் சதுர அடிக்குப் பதினைந்து பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, என்று நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது சும்மா அல்ல. அதற்கு மேல் கனம் போனால் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி போட்டுச் சுவரோடு பிணைக்க வேண்டும். கொக்கி என்பது வேறொன்றுமில்லை, கல்லுக்கு நாம் செயற்கையாக ஒட்ட வைக்கும் வால்.

இப்படி ஒட்டும் கற்கள் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். வண்ணம் அடித்த சுவர் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். கல் பிடிப்பது சுவரை அல்ல, வண்ணத்தை. பூச்சைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். கல்லின் முதுகில் அறுத்த தூள் படிந்திருக்கும். அதைக் கழுவ வேண்டும். கலவையை முதுகு முழுவதும் தடவ வேண்டும். நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று கொழுக்கட்டை மாதிரி வைத்து அழுத்தினால், உருண்டைகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் மழைத் தண்ணீருக்குச் சத்திரமாகிவிடும். கீழ் வரிசைக் கல்லை மண்ணில் முட்ட விடாமல் நாலு அங்குலம் தூக்கி நிறுத்தி, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி விட வேண்டும். தண்ணீர் உள்ளேயே வராமல் தடுத்துவிடலாம் என்று நினைப்பது ஆகாத காரியம். மலை மழைக்கு எங்கேயாவது ஒரு நூல் இடுக்குப் போதும். கணப்புக்கு முகம் ஒட்டுகிறவர்கள், தீவாயைச் சுற்றி ஆறு அங்குலத்துக்குள் மரச்சட்டமோ மரத்தட்டோ வராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். நிஜத் தீ எரிப்பதாக இருந்தால் உள்ளே தீச்செங்கல் கட்டாயம்.

புதிய வீட்டுக்காரர்களைவிட எனக்குக் கவலை தருகிறவர்கள் பழைய கல் பங்களாவை விலைக்கு வாங்கியவர்கள். நல்ல எண்ணத்தோடு, இடுக்குகளில் உதிர்ந்திருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டால் 'பாயிண்டிங்' செய்து, புதுக் கருக்கு மாறாமல் வைக்கிறார்கள். சேற்றுக் கலவைச் சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே போன ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக் கொண்டிருந்தது. சிமெண்டு அந்த வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே சேறு ஊறிக் கரைகிறது. வெளியே சுவர் ஜம்மென்று நிற்கும். பத்து மழை கழித்து வயிற்றைத் தள்ளும். உடனே எஞ்சினியர், "பழைய சுவர் சார், பலமில்லை, இடித்துவிடலாம்" என்பார். இடித்த கல் தோட்டச் சுவருக்கோ, வேறு யாருடைய அஸ்திவாரத்துக்கோ போகும். அதே இடத்தில் கான்கிரீட் எலும்புக்கூடு எழும்பும். அதற்கு ஓரங்குலக் கல் சட்டை வரும். மூலையில் கல்லின் கனம் தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக, ஒரே கல்லை மட்டப்பலகை போல் இரு கையாக வளைத்து அறுத்த மூலைக்கல்கூட இப்போது விற்கிறார்கள். தொட்டுப் பார்த்தால்கூடப் பதினெட்டு அங்குலச் சுவர் என்றே தோன்றும்.

தட்டிப் பார்த்தால் தோன்றாது. ஏற்கெனவே சட்டை மாட்டிவிட்டவர்கள் புரட்டாசி முடிவதற்குள் ஒரு காரியம் செய்யலாம். ஒரு பழைய கனத்த ரூபாய் நாணயத்தையோ சிறு சுத்தியலின் காம்பையோ எடுத்துக் கொண்டு, மழை அடிக்கிற பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு கல்லாக மெதுவாகத் தட்டிக் கொண்டே போக வேண்டும். நன்றாகப் பிடித்த கல் 'டக்' என்று கட்டையாகப் பேசும். முதுகில் வெற்றிடம் உள்ள கல் காலிப் பானை போல் 'டொக்' என்று சொல்லும். டொக் என்று சொன்ன கல்லுக்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டு, வாசல்படிக்கும் ஜன்னலுக்கும் மேலே குறி விழுந்தவற்றை முதலில் கழற்றி, முதுகைக் கழுவி, முழுக் கலவை வைத்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் திரும்ப ஒட்டிவிட வேண்டும்.